நாலு விரல்கடை நூல்

கம்பெனியில் அவளுக்கு அங்குலம் என்று பெயர். பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் சீருடை தைத்துக் கொடுக்கிற கம்பெனி அது. அங்கே வெட்டு மேஜை அவளுடையது. நாற்பது அடுக்குத் துணியை விரித்து, மேலே அட்டை வடிவத்தை வைத்து, சாக்கட்டியால் கோடு இழுத்து, வெட்டும் மெஷினை அந்தக் கோட்டின் மேலேயே நடத்திக்கொண்டு போகிற வேலை. கோடு கால் அங்குலம் தப்பினால் நாற்பது சட்டைக்கும் தோள் கோணிக்கொள்ளும். அதனால் அவள் யாருடைய அளவையும் நம்பமாட்டாள். சூப்பர்வைசர் அளந்து சொன்னதை அவர் கண் முன்னாலேயே இன்னொரு தடவை அளப்பாள். அவருக்கு முகம் சுருங்கும். சுருங்கினால் அவரே இஸ்திரி போட்டுக்கொள்ளட்டும் என்பாள். டேப் நாளாக நாளாக இழுபட்டு நீளும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்து, மயிரிழை கூடியிருந்தாலும் குப்பைக்கூடையில் எறிந்துவிடுவாள். உலகத்தில் நடக்கிற அக்கிரமங்களில் பாதி, அளக்கத் தெரியாதவன் கையில் டேப்பைக் கொடுத்ததால் வந்தவை என்பது அவளுடைய தீர்மானமான அபிப்பிராயம்.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். அங்கே அவள் பாதியில் வந்தவள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. தெருவிலேயே முதல் ஆள். ஆனால் விடுதியில் அறை கிடைக்கவில்லை. நாற்பது கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் அறை கிடையாது என்பது விதி. அவள் ஊரை வரைபடத்தில் ஒரு நூலால் அளந்து பார்த்துவிட்டு முப்பத்தாறு என்றார்கள். ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஒரு ஆறு ஓடுகிறது. பாலம் எங்கேயோ கீழே இருக்கிறது. முதல் பஸ்ஸைப் பிடித்து, பாலத்தடியில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து வகுப்புக்குள் நுழையும்போது மணி எட்டு நாற்பது ஆகும். முதல் வகுப்பு எட்டு மணிக்கு. ஒரு நாளும் முதல் வகுப்பில் அவள் பெயருக்கு நேரே வருகை விழவில்லை. மற்ற வகுப்புகளில் பாதி நேரம் தூங்கி வழிந்தாள். இரண்டாம் பருவம் முடியும்போது வருகை போதாது, பரீட்சை எழுதக்கூடாது என்று ஒரு காகிதம் வந்தது. திரும்பிவந்து கம்பெனியில் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள்.

அப்பா அதை அப்படிச் சொல்லமாட்டார். அவர் பதிவு ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்தியவர். முத்திரை குத்திய காகிதம் ஒன்று இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னால் செவ்வாய்க்கிழமையிலும் வீட்டில் படுத்துக்கொள்வார். அன்றைக்கு விடுதி ஆபீஸுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். முப்பத்தாறு என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்ததும் அவள் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். ஆற்றைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேட்க நினைத்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பெரியவர்கள் அளந்து சொல்லிவிட்டார்கள், வா என்றார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், பெரியவளுக்குப் படிப்பில் மனசு நிற்கவில்லை, பாதியில் வந்துவிட்டாள் என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லிச் சொல்லி அதற்கும் ஒரு முத்திரை விழுந்துவிட்டது.

இப்போது தங்கைக்கு அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அம்மா இல்லாத வீடு. சின்னவளை மூன்றாம் வகுப்பிலிருந்து வளர்த்தது பெரியவள்தான். அந்தக் கழுதைக்கு மட்டும் இந்தப் பட்டப்பெயர் விழக்கூடாது, அது பாதியில் வரக்கூடாது என்று மனசுக்குள் கோடு போட்டுவிட்டாள். அவள் போட்ட கோடு அவ்வளவு சுலபத்தில் நகராது.

விடுதி விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதைத் தயாரித்தவர்கள் சும்மா தயாரிக்கவில்லை, உட்கார்ந்து யோசித்துத் தயாரித்திருக்கிறார்கள். முதலில் கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டும். பிறகு அதை அச்செடுக்க வேண்டும். அச்செடுத்ததன் மேல் அதே விவரங்களைக் கையால் இன்னொரு தடவை எழுத வேண்டும். அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆபீஸில் இருப்பவர் அதைப் பார்த்து மறுபடியும் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். புகைப்படம் நான்கு. நான்கிலும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இல்லை என்று டாக்டரிடம் சான்று. உள்ளூர்ப் பாதுகாவலர் ஒருவர் பல்கலைக்கழகத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும். பத்து கிலோமீட்டருக்குள் ஆள் இருந்தால் விடுதி எதற்கு என்று சின்னவள் கேட்டாள். நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. கடைசியில் கம்பெனிக்குத் துணி கொண்டுவருகிற லாரி டிரைவரின் மாமியார் அந்தப் பக்கம் குடியிருப்பது தெரிந்து, அந்த அம்மாளைப் பாதுகாவலராக்கிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த அம்மாள் சின்னவளை இதுவரை பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கும் உத்தேசமும் அவருக்கு இல்லை.

அப்பாவுக்கு மூட்டுவலி. இந்தத் தடவை நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பெரியவள் லீவு போட்டாள்.

விடுதி ஆபீஸ் மாறவே இல்லை. அதே பச்சைச் சுவர், அதே கம்பி ஜன்னல், அதே நாற்காலி. நாற்காலியில் அதே மனிதர். தலை மட்டும் கொஞ்சம் வழுக்கையாகியிருந்தது. அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் நூல்காரர். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய வரைபடம். பல்கலைக்கழகம் இருக்கிற இடத்தில் ஒரு ஊசி குத்தியிருந்தது. ஊசியில் கட்டிய மெழுகு நூல் ஒன்று தொங்கியது. நூலில் நான்கு முடிச்சுகள். விண்ணப்பத்தில் இருக்கிற ஊரை வரைபடத்தில் தேடி, நூலை இழுத்துப் பிடித்து, நான்காவது முடிச்சுக்குள் ஊர் வந்தால் நிராகரிப்பு, தாண்டினால் அறை. அவ்வளவுதான் விடுதிக் கமிட்டி. மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அந்த மனிதரின் முதுகை மட்டும்தான் பார்த்திருந்தாள். இன்றைக்கு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாள். நூல்காரர் நூலை இழுத்தார். மூன்றாவது முடிச்சுக்கும் நான்காவது முடிச்சுக்கும் நடுவே விரல் நின்றது.

“முப்பத்தாறு. நாப்பதுக்குள்ள வந்துடுச்சும்மா. கிடைக்காது. அடுத்து.”

சின்னவளின் கண் கலங்கிவிட்டது. பெரியவள் அவளைப் பார்க்கவில்லை. அவள் பார்வை வரைபடத்தின் கீழ்மூலையில் இருந்தது. அங்கே எல்லா வரைபடத்திலும் இருக்கிற மாதிரி ஒரு கோடு அச்சடித்து, சைபர், பத்து, இருபது என்று குறித்திருந்தது. பத்து கிலோமீட்டர் என்பது காகிதத்தில் எவ்வளவு நீளம் என்று காட்டுகிற கோடு. வெட்டு மேஜையில் ஏழு வருஷம் நின்ற கண் அது. முடிச்சுக்கு முடிச்சு இருக்கிற இடைவெளியும் அந்தக் கோட்டில் பத்துக்கு இருக்கிற இடைவெளியும் ஒன்றல்ல என்று அந்தக் கண்ணுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. முடிச்சு நீளம். கோடு குட்டை.

“சார், ஒரு முடிச்சுக்கு எத்தனை கிலோமீட்டர்?”

“பத்து.”

“கீழ ஒரு கோடு போட்டிருக்கு பாருங்க. அதுல பத்துன்னு இருக்கற இடத்தோட ஒரு முடிச்சை வெச்சுப் பாருங்களேன்.”

நூல்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது படம் வரைஞ்சவன் போட்டதும்மா. அதுக்கும் ஆபீஸுக்கும் சம்பந்தமில்ல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் அதோடு சேர்ந்தே வந்தது. ஆனால் மெஷின் ஓடும்போது கை நடுங்கக்கூடாது என்று பழகியவள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, படம் ரொம்பப் புதுசாக இருக்கிறதே, எப்போது மாட்டினது என்று விசாரித்தாள். அந்தக் கேள்வி நூல்காரருக்குப் பிடித்திருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பழைய படம் கூரை ஒழுகி நனைந்து கிழிந்துபோனதாம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சர்வே ஆபீஸிலிருந்து இந்தப் படத்தை வாங்கிவந்து அவரே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினாராம். அது பெரிய படம், இது அதைவிடக் கொஞ்சம் சின்னது, ஆனால் ஊரெல்லாம் அப்படியே இருக்கிறது என்றார்.

“நூலும் அப்பவே மாத்தினீங்களா?”

“நூலை எதுக்கும்மா மாத்தணும்? அதே நூல்தான். இருபத்திரெண்டு வருஷமா ஒரே நூல். ஒரு நாள் ஒரு முடிச்சு மாறினதில்ல.” பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்.

படம் சுருங்கிவிட்டது, நூல் சுருங்கவில்லை. அகலமான தோளுக்கு வெட்டின அட்டையைக் குழந்தை துணியின் மேல் போட்டு வெட்டுகிற மாதிரி பதினோரு வருஷமாக இந்த மனிதர் ஊர் ஊராக வெட்டித் தள்ளியிருக்கிறார். கம்பெனியில் இதைச் செய்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வெளியே அனுப்பியிருப்பார்கள். இங்கே அனுபவசாலி என்று நாற்காலிக்கு மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அவள் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். கம்பிக்குள் கையை விட்டு வரைபடத்தை அளக்கவா முடியும்? அவரையே அளக்கச் சொன்னாள். அவர் முடியாது என்றார். மனு எழுதிக் கொடுத்தால் கமிட்டி பார்க்கும், கமிட்டி வருஷத்துக்கு இரண்டு தடவை கூடும் என்றார். வகுப்பு எட்டு நாளில் தொடங்குகிறது என்று அவள் சொன்னாள். அதற்கு ஆபீஸ் என்ன செய்யும் என்றார். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பாதிப் பேர் சீக்கிரம் நகரு என்றார்கள், பாதிப் பேர் என்ன சமாச்சாரம் என்று கழுத்தை நீட்டினார்கள்.

மனு கொடுத்தால் தன்னிடமே நேரில் கொடுக்கலாம், எந்நேரமும் இங்கேதான் இருப்பேன், ஊழியர் குடியிருப்பிலேயே வீடு என்று நூல்காரர் கொஞ்சம் பெருமையாகச் சொன்னார். அவர் வாய் கொடுத்து மாட்டிக்கொண்ட இடம் அதுதான்.

“சொந்த ஊர் தூரமோ சார்?”

“நாப்பத்தெட்டு கிலோமீட்டர். நாப்பதுக்கு மேல இருந்தாத்தான் எங்களுக்கும் குவார்ட்டர்ஸ். சர்வே ஆபீஸ் சான்றிதழ் வெச்சிருக்கேன்.”

“இந்த நூலை வெச்சு அளந்து பாத்திருக்கீங்களா?”

“எனக்கு எதுக்கும்மா நூல்? சான்றிதழ்தான் இருக்கே.”

ஊர் எது என்று கேட்டாள். சொன்னார். வரிசையில் பின்னால் நின்ற ஒரு தகப்பன் அதே ஊர்க்காரர். வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது என்று அவர் கம்பி வழியாகக் கையை நீட்டிக் காட்டிவிட்டார். ஒரு தடவை நூலை வைத்துத்தான் பாருங்களேன் சார், உங்க ஊரும் எங்க ஊரும் ஒண்ணுதானே என்றார் அந்த மனிதர். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வார்டன் அம்மாள் வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருந்தவர். விஷயம் என்ன என்று கேட்டார், யாரும் பதில் சொல்வதற்கு முன்னாலேயே நூலைத் தானே எடுத்து அந்த ஊர் வரைக்கும் இழுத்தார்.

நான்காவது முடிச்சுக்கு உள்ளே இருந்தது ஊர். ஒரு விரல் தடிமன் உள்ளே.

நூல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வார்டன் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழ்மூலையில் இருந்த கோட்டைப் பார்த்தார். முடிச்சை அதன் மேல் வைத்துப் பார்த்தார். ஒரு முடிச்சு பத்தைத் தாண்டிப் பன்னிரண்டரையில் போய் நின்றது. அவர் முட்டாள் இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து காபி குடித்தவர், அவ்வளவுதான். நூலைக் கீழே விட்டுவிட்டு, கதவைத் திறந்து, நீ உள்ளே வாம்மா என்று பெரியவளைக் கூப்பிட்டார். வெளியே வரிசை வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

உள்ளே வார்டன் அம்மாளின் குரல் சர்க்கரையாகிவிட்டது. தங்கைக்கு இன்றைக்கே அறை எழுதிக் கொடுத்துவிடலாம், இதைப் பற்றி வெளியே அதிகம் பேசவேண்டாம், நூலை உடனே சரி பண்ணிவிடுகிறோம் என்றார். நூல்காரர் மேஜை டிராயரிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்துவந்து நூலைக் கண்ணளவில் வெட்டப் போனார். பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. கொடுங்க இப்படி என்று கத்தரியைப் பிடுங்கிக்கொண்டாள். கோட்டை டேப்பால் அளந்தாள். பத்துக்கு எட்டு சென்டிமீட்டர். பழைய முடிச்சுகளை நகத்தால் பிரித்து, எட்டுக்கு ஒரு முடிச்சாக நான்கு முடிச்சு போட்டாள். நான்காவது முடிச்சுக்குக் கீழே மிச்சமிருந்ததை வெட்டினாள். மேஜை மேல் விழுந்தது நாலு விரல்கடை நூல். அவள் அதை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய நான்கு விரலுக்கு அச்சாகச் சரியாக இருந்தது.

வெளியே போகிறதுக்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும் என்றாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தின பதிவேடு. எதற்கு என்று வார்டன் அம்மாள் கேட்டார். பார்க்கத்தான் என்றாள். நூல்காரர் அலமாரியைத் துழாவி எடுத்துவந்தார். தூசியைத் தட்டினார். அவள் பக்கங்களைப் புரட்டினாள். முப்பத்தெட்டு, நிராகரிக்கப்பட்டது. முப்பத்து மூன்று, நிராகரிக்கப்பட்டது. முப்பத்தைந்து. முப்பத்தொன்பது. எல்லாம் அழகான கையெழுத்து. நூல்காரருக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். நூற்றுப் பதினேழாவது வரியில் அவள் பெயர். முப்பத்தாறு, நிராகரிக்கப்பட்டது. பக்கத்தில் ஊதா முத்திரை.

“இது நாப்பத்தஞ்சு சார். பக்கத்துல எழுதிடுங்க.”

நூல்காரர் வார்டன் அம்மாளைப் பார்த்தார். முடித்த பதிவேட்டில் திருத்தம் போட வழியில்லை என்று வார்டன் அம்மாள் பூசி மெழுகினார். நூல்காரர் மட்டும் உண்மையாகவே வருத்தப்பட்டார் என்று சொல்ல வேண்டும். வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னார்.

“நீங்க அப்பவே கேட்டிருக்கணும்மா.”

அவள் பதிவேட்டை மூடினாள். நாலு விரல்கடை நூலைச் சுருட்டி டேப்போடு பைக்குள் போட்டுக்கொண்டாள். சின்னவளின் கையில் அறை எண் எழுதிய சீட்டு இருந்தது. பஸ்ஸில் வரும்போது சின்னவள் உள்ளே என்ன நடந்தது என்று துளைத்தெடுத்தாள். அளவு தப்பு, சரி பண்ணினேன் என்று மட்டும் சொன்னாள். மேற்கொண்டு பேசினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயம். அழுவது அவளுக்குப் பிடிக்காது. அப்பாவிடமும் அறை கிடைத்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பார்த்தாயா, ஆபீஸ் என்றால் ஆபீஸ்தான், முறையாகக் கேட்டால் முறையாகக் கொடுப்பார்கள் என்றார் அவர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அறை என்பது நான்கு கட்டில், மூன்று அலமாரி, இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி. நான்காவது பெண் துணியை எங்கே வைப்பாள், மூன்றாவது பெண் எங்கே எழுதுவாள் என்றெல்லாம் கட்டினவர்கள் கவலைப்படவில்லை. குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுக் குளிக்க வேண்டும், அதாவது குளிக்க வாளி கிடையாது. சாப்பாட்டுக்கூடத்தில் திங்கட்கிழமை கிழங்கு. செவ்வாய்க்கிழமையும் அதே கிழங்குதான், திங்கட்கிழமையைவிடக் கொஞ்சம் களைத்துப்போயிருக்கும். வரவேற்புக் கூட்டத்தில் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசி, இது உங்கள் இரண்டாவது வீடு என்றார். பேசி முடித்ததும் அவர் தன்னுடைய முதலாவது வீட்டுக்குக் காரில் போய்விட்டார்.

சின்னவள் தினமும் போன் பண்ணினாள். அறையில் ஒருத்தி படிக்கும்போது சத்தம் போட்டுப் படிக்கிறாள். இன்னொருத்தி சத்தமே போடுவதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. மூன்றாவது ஒருத்தி தன்னுடைய சோப்பை எடுத்துவிட்டு இல்லை என்கிறாள். பெரியவள் வெட்டு மேஜையில் நின்றபடியே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்பாள். சோப்பின் மேல் உன் பெயரை ஊசியால் எழுது என்பாள். அழுதால் அழு, எட்டு மணி வகுப்புக்குப் போய்விட்டு அழு என்பாள். சின்னவள் எட்டு மணி வகுப்புக்கு எழுந்து நடந்தே போனாள். ஐந்து நிமிஷ நடை. அந்த ஐந்து நிமிஷத்தின் மதிப்பு அவளுக்குத் தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தால் நல்லதுதான் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவள் மூட்டை முடிச்சோடு வந்து நின்றாள். மெத்தைகூடச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். இனிமேல் அங்கே போகமாட்டேன், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வருகிறேன் என்றாள்.

அப்பா முன்கூடத்தில் இருந்தார். அவரோடு முன்பு அதே ஆபீஸில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஞாயிறுதோறும் வருவார். இரண்டு பேரும் பத்திரிகையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு படிப்பார்கள். அப்பா சின்னவளின் முகத்தைப் பார்த்து உருகிவிட்டார். பாவம், குழந்தை இளைத்துவிட்டது, வீட்டிலிருந்தே போகட்டும், அதனால் என்ன, இரண்டு பஸ்தானே என்றார். இரண்டு பஸ்தானே. உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவள் கையை நிறுத்தினாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் இளைத்தபோது இந்த வீட்டில் பாவம் என்ற வார்த்தையை யாரும் செலவழிக்கவில்லை.

நண்பர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய அசட்டுத்தனம் அவருக்கும் கொஞ்சம் உண்டு.

“விடுப்பா, அக்காவும் பாதியில வந்தவதானே. குடும்ப வழக்கம்னு நெனச்சுக்கோ” என்று சிரித்தார்.

பெரியவள் டீத் தட்டோடு வெளியே வந்தாள். தட்டை ஸ்டூலில் வைத்தாள். உள்ளே போய்ப் பையைக் கொண்டுவந்து, சுருட்டிய நூலை எடுத்து, அப்பா மடியில் இருந்த பத்திரிகையின் மேல் நீட்டி வைத்தாள். நாலு விரல்கடை. அதைப் பார்த்தால் யாரும் கையால் தட்டிவிடத்தான் செய்வார்கள். அப்பா தட்டிவிடப் போனார். தொடாதீங்க என்றாள்.

பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பழைய படம், புதுப் படம், மாறாத நூல், நூல்காரரின் ஊர், பதிவேட்டில் நூற்றுப் பதினேழாவது வரி. எந்தச் சொல்லையும் அழுத்தவில்லை, வெட்டு மேஜையில் அளவு படிக்கிற மாதிரியே படித்துக்கொண்டு போனாள். சின்னவள் சுருட்டிய மெத்தையின் மேல் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இதெல்லாம் இப்போதுதான் தெரியும்.

அப்பா நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை இருந்ததா என்று கேட்டார். இருந்தது, ஊதா முத்திரை என்றாள். முத்திரை இருந்துமா என்றார். இருந்தும்தான் என்றாள். அவர் பிறகு நண்பரின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவங்க அளந்தது தப்பாம்ப்பா, பெரியவ மேல தப்பில்லையாம் என்றார். நண்பர் அடடா அடடா என்றார்.

அதோடு விட்டிருந்தால் விட்டதுதான். ஒன்பது வருஷத்துக்கு ஒரு அடடா வந்துவிட்டது. வேறு யாராவது என்றால் டீயை எடுத்துக் கையில் கொடுத்திருப்பார்கள். ஆனால் அவள் எந்த அளவையும் ஒரு தடவை அளந்ததோடு விடுகிறவள் இல்லை.

“அளந்தது தப்பு. சரி. நான் கேக்கறதுக்கு வாயத் திறந்தேனே, என் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தது யாருன்னும் அவருக்குச் சொல்லுங்கப்பா.”

நண்பர் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அப்பாவின் வலது கை, முப்பத்தோரு வருஷம் முத்திரை பிடித்த கை, நூலின் ஒரு நுனியைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது. கிழவர் வீம்பு பிடித்து எழுந்துபோய்விடுவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். போனால் பின்னாலேயே போய்க் கேட்பது என்றும் முடிவு செய்திருந்தாள்.

“நான்தான்” என்றார் அப்பா. நண்பரிடம் சொல்லவில்லை, அவளைப் பார்த்துச் சொன்னார். “நீ கேக்கத்தான் போனே. நான்தான் இழுத்துட்டு வந்தேன்.”

அவள் தலையை ஆட்டினாள். சரியாக அளந்த துணிக்கு ஆட்டுகிற மாதிரி ஒரே ஒரு ஆட்டு. பிறகு டீயை எடுத்து இரண்டு பேர் கையிலும் கொடுத்தாள். ஆறிப்போயிருந்தது. யாரும் சூடு பண்ணச் சொல்லவில்லை.

சின்னவள் மெத்தையிலிருந்து எழுந்தாள். மூட்டையை அவிழ்க்காமலே வாசல் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மத்தியான பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். இரண்டே காலுக்கு என்றாள் பெரியவள். சோப்பு மட்டும் புதிதாக ஒன்று வேண்டும் என்றாள் சின்னவள். இரண்டு மணிக்கு அப்பா மூட்டுவலியோடு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, சுருட்டிய மெத்தையைத் தோளில் தூக்கினார். சின்னவள் வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் அவரே சுமந்துகொண்டு போனார். பெரியவள் வாசலில் நின்று பார்த்தாள். பெரிய மகளுக்கு அவர் சுமக்காத மெத்தை அது. உள்ளே வந்து பத்திரிகையை மடித்து வைக்கப் போனபோது நூலைக் காணவில்லை. ஸ்டூலுக்கு அடியில் தேடினாள், பெருக்கியும் பார்த்தாள். அப்பா திரும்பிவந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபோதுதான் தெரிந்தது. மேல்பையில், பேனாவுக்குப் பக்கத்தில், அதன் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.